தன்னியல்பறிதலும் தலைமையும்: பொருட்பால் நோக்கில் என்.டி. ராமாராவ்

'ஆளுமை' என்னும் சொல் இன்றைய தமிழில் இரு பொருளில் வழங்குகிறது. ஒருவருக்கே உரிய இயல்பு ஒன்று. ஆளும் திறம் மற்றொன்று. இரண்டிற்கும் 'ஆள்' என்பதே அடிச்சொல். மேனாட்டு உளவியலார் இக்கருத்துக்கு வழங்கும் சொல்லோ, இலத்தீன் நாடக மேடையில் நடிகர் அணிந்த முகமூடியைக் குறித்த 'பெர்சோனா' என்பதிலிருந்து பிறந்ததாகும். ஒரு கருத்தைத் தமிழ் ஆட்சியோடு சேர்த்து எண்ண, இலத்தீன் வழிவந்த மொழிகள் வேடத்தோடு சேர்த்து எண்ணுகின்றன. வேடமிட்டு வாழ்ந்த ஒருவர் ஆட்சிக்கு வரும்போது இவ்விரு பொருளும் ஓரிடத்தில் சந்திக்கின்றன. தம் இயல்பை அறிந்தவர் தம் தலைமையைச் செப்பம் செய்துகொள்ளலாம் என்னும் இக்காலக் கொள்கையை அத்தகைய ஒருவரின் வாழ்வில் வைத்துப் பார்ப்பதும், பொருட்பால் அதற்குக் கூறும் விடை யாது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வகைமைக் கொள்கையும் அதன் வழக்கும்

மாந்தரை இயல்பு நோக்கி வகுக்கும் இக்கால முயற்சிகளுக்குப் பெரிதும் அடிப்படையானது, சுவிட்சர்லாந்து உளவியலறிஞர் கார்ல் குஸ்தவ் யுங் 1921இல் வெளியிட்ட உளவியல் வகைகள் பற்றிய நூல். அகமுகம், புறமுகம் என்னும் இரு போக்குகளையும், சிந்தனை, உணர்ச்சி, புலனறிவு, உள்ளுணர்வு என்னும் நான்கு செயற்பாடுகளையும் அவர் பிரித்துக் காட்டினார். அமெரிக்காவின் காதரின் பிரிக்ஸ், அவர்தம் மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸ் ஆகிய இருவரும் அதனை வினாத்தாளாக மாற்றினர். 1962இல் அச்சேறிய அவ்வினாத்தாள் மாந்தரைப் பதினாறு வகையாக்கி, ஒவ்வொரு வகைக்கும் நான்கு எழுத்துகளாலான பெயரைச் சூட்டுகிறது. இன்று தொழில் நிறுவனங்களின் பயிற்சிக் கூடங்களிலும் மேலாண்மைக் கல்லூரிகளிலும் 'நீவிர் எவ்வகைத் தலைவர்?' என்னும் வினாவுக்கு விடை காண இத்தகைய தாள்களே கருவியாகின்றன.

இக்கருவியின் குறைகளை உளவியலாரே எடுத்துக்காட்டியுள்ளனர். சில வாரங்கள் கழித்து அதே தாளை மீண்டும் நிரப்புவோரில் கணிசமானோர் வேறொரு வகையில் போய் விழுகின்றனர். உயரமும் எடையும் போல ஏறியிறங்கும் ஓர் இயல்பை இரு பெட்டிகளில் அடைப்பதால் வரும் இடர் இது. மாந்தரைப் பெயர்ச்சீட்டு ஒட்டிப் பிரிப்பது தம் கருத்தன்று என யுங் தாமே பின்னர் எழுத நேர்ந்தது. ஆயினும் இவற்றினும் அடிப்படையான குறை ஒன்றுண்டு. வினாவப்படுபவரும் விடையளிப்பவரும் ஒருவரே. தம்மைத் தாம் எவ்வாறு கருதுகிறார் என்பதை அத்தாள் காட்டும். தாம் எத்தகையவர் என்பதைக் காட்டும் என்பதற்கு உறுதியில்லை.

தமிழ்த்துறைகளில் கடந்த கால் நூற்றாண்டாக 'திருக்குறளில் மேலாண்மை' என்னும் பொருளில் எழுந்துள்ள கட்டுரைகள் பல. மேனாட்டுக் கொள்கை ஒன்றை இடப்பக்கத்திலும் அதற்கு நேரான குறளை வலப்பக்கத்திலும் நிறுத்தி, 'வள்ளுவர் அன்றே கூறினார்' என முடிப்பது அவற்றின் பொதுப்போக்கு. வலியறிதல் அதிகாரம் வகைமைக் கொள்கையின் முன்னோடியாகக் காட்டப்படுவதும் இம்முறையிலேயே ஆகும். பெருமை சேர்க்கும் எண்ணத்தில் எழுந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருட்பால் வேறுபட்டு நிற்கும் இடமே அதன் பெருமை என்பதை இவ்வொப்பீடுகள் காணத் தவறுகின்றன.

அதிகார வைப்புமுறை

வலியறிதல் நாற்பத்தெட்டாம் அதிகாரம். தொடங்கும் வினையின் வலி, தன் வலி, மாற்றான் வலி, இருபக்கத் துணைவரின் வலி ஆகியவற்றைச் சீர்தூக்கச் சொல்வது அதன் முதற்குறள் (471). நான்கனுள் ஒன்றே தன் வலி என்பது முதற்கண் கருதத்தக்கது. தன்னைத் தனியே நிறுத்தி அளக்கும் அளவை அங்கில்லை. செய்யப் புகும் வினை ஒன்று இருந்தாலன்றி வலி என்னும் பேச்சே எழுவதில்லை. மெல்லிய மயிற்பீலியாலும் அச்சு முறியும் (475) என்றும், கிளையின் நுனிவரை ஏறியவன் மேலும் ஏற முனைந்தால் உயிர் போகும் (476) என்றும் வரும் உவமைகள் வலியின் வகையைப் பேசவில்லை, எல்லையைப் பேசுகின்றன.

இவ்வதிகாரத்திற்கு முன் நிற்பவை எவை என்பது இன்னும் முக்கியமானது. நாற்பத்து நான்காவது குற்றங்கடிதல். நாற்பத்தைந்தாவது பெரியாரைத் துணைக்கோடல். தன் குற்றத்தை முதலில் நீக்கிப் பின்னர்ப் பிறர் குற்றம் காணவேண்டும் (436) எனவும், எக்காலத்தும் தன்னை வியத்தலாகாது (439) எனவும் முன்னது கூறும். அவ்வாறாயின் தன் குற்றத்தை அரசன் எவ்வாறு அறிவான்? அதற்கு விடையாகவே அடுத்த அதிகாரம் வருகிறது எனலாம். கடிந்துரைக்கும் துணைவரை உடையவனை யாராலும் கெடுக்க இயலாது (447). அத்தகையோர் இல்லாதவன் கெடுப்பார் இன்றியும் கெடுவான் (448). இவற்றின் பின்னரே தன் வலியை அறியும் பேச்சு தொடங்குகிறது. இவ்வைப்புமுறை தற்செயலன்று. தன்னை அறிதல் தன்னால் மட்டும் ஆவதன்று என்பதே அதன் உட்கிடை.

தெரிந்து தெளிதலும் தெரிந்து வினையாடலும் பிறரைத் தேர்வதற்குரியவை. அறம், பொருள், இன்பம், உயிரச்சம் என்னும் நான்கு வகைச் சோதனை (501) அங்குக் கூறப்படுகிறது. குணமும் குற்றமும் நாடி மிகுந்ததைக் கொள்ளும் முறை (504) கூறப்படுகிறது. ஒருவரின் செயலே உரைகல் என்பதும் (505) கூறப்படுகிறது. இத்தனையும் கூறியபின், எல்லா வகையாலும் தேறியவர்களுள்ளும் வினையில் இறங்கியபின் வேறுபடுவோர் பலர் (514) என்று வள்ளுவர் ஒரு குறள் வைத்துள்ளார். வகைமைத் தாள்களை விற்போர் எவரும் தம் தாளின் அடியில் இவ்வாறு ஒரு வரி அச்சிடுவதில்லை.

சங்க இலக்கியத்திலும் இவ்வெண்ணமே காணப்படுகிறது. ஆவூரில் முற்றுகையிடப்பட்டு மதிலுக்குள் அடைந்து கிடந்த நெடுங்கிள்ளியைக் கோவூர்கிழார் கண்டு பேசியது புறநானூற்றின் 44ஆம் பாட்டு. அறத்தை நாடுபவனாயின் கோட்டையைக் கொடுத்துவிடு, மறத்தை நாடுபவனாயின் வெளியே வந்து போர் செய், இரண்டுமின்றி ஒளிந்திருத்தல் நாணத்தக்கது என்பது அவர் கூற்றின் சாரம். நெடுங்கிள்ளி எவ்வியல்பினன் என்பதைப் புலவர் தாமே முடிவு செய்து அறிவிக்கவில்லை. இரண்டில் ஒன்றைச் செய்து காட்டு என்கிறார். செய்யும்போதுதான் அது தெரியவரும். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் உரைத்த 184ஆம் பாட்டும் இவ்வகையினதே. யானை தானே புகுந்த வயலின் உவமையை எடுத்துக்கொண்டு, தரமறியாது ஆரவாரிக்கும் சுற்றத்தோடு கூடிய வேந்தனுக்கு நேரும் கேட்டை அவர் எடுத்துரைக்கிறார். மன்னனின் குணத்தைப் பற்றி நேரே ஒரு சொல்லும் இல்லை. அவனைச் சூழ்ந்திருப்போரைக் காட்டியே அவனை அவனுக்குக் காட்டுகிறார். தொல்காப்பியர் கூறும் மெய்ப்பாடும், உள்ளத்து நிகழ்வது புறத்தார்க்குப் புலப்படும் முறையே என்பது பேராசிரியர் கொள்கை. காண்பார் ஒருவர் இல்லாத இடத்தில் மெய்ப்பாடு இல்லை.

நாச்சாரத்துக் கலைஞர்

ஐதராபாத்தின் கீழ்த்திசைப் பகுதியான நாச்சாரம் தொழிற்பேட்டைக்குப் பெயர்பெற்றது. அங்கேயே தெலுங்குத் திரையுலகின் பெருநடிகர் நந்தமூரி தாரக ராமாராவ் (1923–1996) குடும்பத்தாரின் ராமகிருஷ்ணா படப்பிடிப்பு நிலையமும் உள்ளது. சென்னையில் வேரூன்றியிருந்த தெலுங்குத் திரைத்தொழில் ஐதராபாத்திற்குப் பெயர்ந்த காலத்தின் அடையாளங்களுள் அதுவும் ஒன்று.

ராமாராவ் தமிழர்க்குப் புதியவரல்லர். 1957இல் வந்த 'மாயா பஜார்', 1964இல் பி.ஆர். பந்துலு இயக்கிய 'கர்ணன்' ஆகியவற்றில் கண்ணனாகவும், 1958இல் வந்த 'சம்பூர்ண ராமாயண'த்தில் இராமனாகவும் தமிழ்த்திரையில் தோன்றியவர். இதனால் கடவுள் வேடங்களின் செல்வாக்கே அவரை முதலமைச்சராக்கியது என எழுதுவது எளிதாகிவிட்டது. இது பாதி உண்மையே. அவர் 'பூகைலா'ஸில் (1958) இராவணனாக நடித்தார். தாமே இயக்கிய முதற்படமான 'சீதாராம கல்யாண'த்திலும் (1961) இராமனை விட்டு இராவணனையே தமக்கு எடுத்துக்கொண்டார். 'ஸ்ரீகிருஷ்ண பாண்டவீய'த்தில் (1966) கண்ணனும் அவரே, துரியோதனனும் அவரே. 1977 பொங்கல் நாளில் வெளிவந்த 'தான வீர சூர கர்ணா'வில் கர்ணன், துரியோதனன், கண்ணன் ஆகிய மூவராகவும் தோன்றி, அதனைத் தயாரித்து இயக்கியவரும் அவரே. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஓடும் அப்படத்தில் கொண்டவீட்டி வேங்கடகவியின் உரையாடலைத் துரியோதனன் வாயிலாகக் கேட்டவர்கள், தீயவன் என்று ஒதுக்கப்பட்ட அரசன்பால் நெஞ்சம் இளகினர். குலம் நோக்கிக் கர்ணனை இகழ்ந்த அவையை அத்துரியோதனன் மறுத்துப் பேசும் பேச்சு ஆந்திரத்து ஊர்களில் நெடுங்காலம் ஒப்பிக்கப்பட்டது.

இவரிடம் ஒரு வகைமைத் தாளைக் கொடுத்திருந்தால் அதற்கு விடையளிப்பவர் யார்? சூழ்ச்சியால் காரியம் முடிக்கும் கண்ணனா, மானத்தைத் தவிர மற்றெதையும் எண்ணாத துரியோதனனா, கொடையால் அழியும் கர்ணனா? வேடிக்கையாகத் தோன்றினும் இவ்வினா பொருளற்றதன்று. உலகோர்முன் ஒருவர் அணியும் முகத்தைப் 'பெர்சோனா' என்றே வழங்கிய யுங், அம்முகத்தையே தாம் என நம்புவது மனிதர்க்கு நேரும் பெரும் இடர்களுள் ஒன்று எனக் கருதினார். சாதாரண மனிதர்க்கு அத்தகைய முகம் ஒன்றிருக்கும். முப்பதாண்டுக்கு மேல் மாமன்னர்களாகவே வாழ்ந்து காட்டிய கலைஞருக்கு அது பலவாகவும், ஒவ்வொன்றும் கோடிக்கணக்கானோரின் ஒப்புதல் பெற்றதாகவும் இருந்தது.

இரு ஆகஸ்டுகள்

1982 மார்ச் 29இல் ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கினார். திருத்தி அமைக்கப்பட்ட ஊர்தி ஒன்றுக்குச் 'சைதன்ய ரதம்' எனப் பெயரிட்டு ஊர் ஊராகச் சென்றார். ஒன்பது மாதத்தில், 1983 ஜனவரித் தேர்தலில் 294 இடங்களுள் 200க்கும் மேற்பட்டவற்றை அக்கட்சி வென்றது. தெலுங்கரின் தன்மதிப்பு என்பதே அவர் முழக்கம். காவியுடையும் தூய தெலுங்கும் உணர்ச்சி மிக்க நீண்ட பேச்சும் அரசியல் மேடைக்கு மாறி வந்தன.

1984 ஆகஸ்டில், அமெரிக்காவில் இதய அறுவை மருத்துவம் செய்துகொண்டு திரும்பியிருந்த அவரை ஆளுநர் ராம்லால் பதவி நீக்கினார். கட்சியில் உடனிருந்த நாதெண்டுல பாஸ்கர ராவ் முதலமைச்சரானார். ராமாராவ் சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தம் சட்டமன்ற உறுப்பினர்களுடன் குடியரசுத் தலைவர் முன் போய் நின்றார். நாடெங்கும் எதிர்க்கட்சிகள் திரண்டன. ஒரே மாதத்தில், செப்டம்பர் 16இல் மீண்டும் முதலமைச்சரானார். இவ்வெற்றிக்குத் துணைநின்றது அவர்தம் இயல்பே என்பதில் ஐயமில்லை. தீங்கு வெளியிலிருந்து வந்தது. எதிரி யார் என்பது தெளிவு. அநீதிக்குள்ளான நாயகன் மக்கள்முன் வந்து நிற்பது அவர் நன்கறிந்த காட்சி. காலமறிதலும் இடனறிதலும் கூறும் உவமைகளில் கூகையைப் பகலில் வெல்லும் காகமும், ஆழ்நீரில் பிறவற்றை வெல்லும் முதலையும் வருகின்றன. 1984 அவருக்குப் பகலாகவும் ஆழ்நீராகவும் அமைந்தது.

அவர் ஆட்சியின் செயல்களிலும் அவ்வியல்பைக் காணலாம். கிலோ இரண்டு ரூபாய் அரிசித் திட்டம், பரம்பரை ஊர் அலுவலர் பதவிகளை ஒழித்தமை (1984), மண்டல ஆட்சிமுறை, தந்தை சொத்தில் மகளிர்க்குச் சமபங்களித்த சட்டத்திருத்தம் என நினைக்கத்தக்கவை பல. சென்னைக்குக் கிருஷ்ணை நீர் தரும் தெலுங்கு கங்கை உடன்பாட்டை 1983இல், பதவியேற்ற சில மாதத்திலேயே எம்.ஜி.ஆர். அரசுடன் செய்துகொண்டதும் இவ்வரிசையில் சேரும். 1996இல் அந்நீர் தமிழக எல்லையை அடைந்தது. பெருமுடிவுகளை விரைந்து எடுப்பதும், எடுத்ததைத் தாமே அறிவிப்பதும் அவர் வழக்கம். அரசு ஊழியரின் ஓய்வு வயதை 58இலிருந்து 55 ஆகக் குறைத்ததும் அவ்வாறே. வேலைநிறுத்தமும் வழக்குகளும் தொடர, பின்னர் அது பழைய நிலைக்கே திரும்பியது. 1989இன் தொடக்கத்தில் அமைச்சர்கள் அனைவரையும் ஒரே நாளில் நீக்கினார். தலைமைப் பயிற்சி நூல்கள் இதனைத் 'துணிந்து முடிவெடுக்கும் வகை' என்று பாராட்டவும் கூடும். பொருட்பாலின் நோக்கில் வினா வேறு. நீக்கப்பட்டோரைத் தேர்ந்தவரும் அவரே அல்லவா? தேர்ந்து ஒப்படைத்த வினை பிழைத்ததா, தேர்வே பிழைத்ததா என்று அவரிடம் கேட்கும் நிலையில் ஒருவரும் அவையில் இல்லை. அவ்வாண்டு இறுதியில் நடந்த தேர்தலில் கட்சி தோற்றது. இரு தொகுதிகளில் நின்ற அவர் கல்வகுர்த்தியில் தோல்வியுற்றார்.

எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அக்காலத்தில் அவர் மீண்டும் வேடமிட்டார். 1991இல் வெளிவந்த 'பிரம்மரிஷி விசுவாமித்ரா' என்னும் படத்தை இயக்கி, விசுவாமித்திரராக நடித்தவரும் அவரே. அக்கதைத் தேர்வு ஆழ்ந்து நோக்கத்தக்கது. தன்னியல்பை வென்று உயர்ந்தவன் கதைகளுள் விசுவாமித்திரர் கதைக்கு நிகரானது அரிது. கம்பர் அதனைப் பாலகாண்டத்தில் சதானந்தர் வாயிலாகக் கூறவைக்கிறார். வசிட்டரின் பசுவைக் கவர முனைந்து தோற்ற மன்னன் அவன். தவம் செய்து பெற்ற ஆற்றலைச் சினத்தால் இழந்து, மீண்டும் தவம் செய்து, மீண்டும் இழந்து நெடுங்காலம் உழல்கிறான். தேவர்கள் ஒவ்வொரு படியாகப் பட்டம் தருகின்றனர். எனினும் பிரமரிடி என்னும் சொல் வசிட்டர் வாயிலிருந்து வரும்வரை அவன் உள்ளம் அமைதியுறுவதில்லை. தன் குறையை நன்கறிந்த பகைவனே தன் நிறைவுக்கும் சான்று கூறவேண்டும் என்பது அக்கதையின் நுட்பம். பெரியாரைத் துணைக்கோடல் பத்துக் குறளில் கூறுவதைப் புராணம் ஒரு பகையின் கதையாக்கிக் கூறியுள்ளது எனலாம். ஆனால் படத்தில் நடித்தவரும் இயக்கியவரும் ஒருவரே ஆதலால், வசிட்டராக நிற்பவர் எச்சொல்லை எப்போது சொல்லவேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமையும் விசுவாமித்திரராக நின்றவரிடமே இருந்தது.

1994 டிசம்பரில் தெலுங்கு தேசம் 216 இடங்களை வென்று ஆட்சிக்கு மீண்டது. முதல் வெற்றியைவிடப் பெரிய வெற்றி. எட்டே மாதத்தில், 1995 ஆகஸ்டில், சட்டமன்றக் கட்சியின் பெரும்பான்மையோர் அவர் மருமகன் சந்திரபாபு நாயுடுவின் பக்கம் சென்றனர். செப்டம்பர் முதல் நாளில் நாயுடு முதலமைச்சரானார். இந்நிகழ்ச்சிக்குக் காரணங்கள் பல கூறப்படுகின்றன. கட்சியில் இலட்சுமி பார்வதியின் செல்வாக்கு பற்றிய அச்சம், அமைப்பைத் தம் கையில் வைத்திருந்தவரின் திறமை, பதவி நோக்கம், மாறிவந்த பொருளியல் சூழல் என ஒவ்வொருவரும் ஒன்றை முன்னிறுத்துவர். ஒருவரின் இயல்பு ஒன்றையே காரணமாக்குவது வரலாற்றைச் சுருக்குவதாகும். ஆயினும் 1984இல் வென்ற அதே மனிதர், அதே துணிவுடனும் அதே சொல்லாற்றலுடனும் 1995இல் ஏன் தோற்றார் என்னும் வினா எஞ்சுகிறது. வகைமைக் கொள்கையால் இதற்கு விடை கூற இயலாது. ஏனெனில் வகை மாறவில்லை. மாறியது இடம். இம்முறை பிளவு வீட்டுக்குள்ளும் அவைக்குள்ளும் நிகழ்ந்தது. அங்கே மக்கள்முன் நிற்கும் நாயகனுக்கு வேலையில்லை. மனக்குறையோடு வந்த உறுப்பினர் ஒருவரின் சொல்லை அமர்ந்து கேட்கும் தலைவனுக்கே வேலை. அவ்வேடம் அவர் ஏற்றவற்றுள் இல்லை. ஐந்து மாதம் சென்று, 1996 ஜனவரி 18இல் அவர் மறைந்தார்.

எம்.ஜி.ஆரோடு அவரை ஒப்பிடுவது ஆய்வாளரிடையே வழக்கமாகிவிட்டது. எம்.ஜி.ஆரின் திரைவடிவம் மக்களைப் பிணித்த முறையை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் வெளியிட்ட ஆங்கில நூல் விரிவாக ஆராய்கிறது. அதன் சாயலில் ராமாராவைப் பற்றியும் எழுதியோர் உளர். இவ்வொப்பீட்டில் ஒரு வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை. எம்.ஜி.ஆர். 1953இல் தி.மு.க.வில் சேர்ந்து 1972 வரை, ஏறத்தாழ இருபதாண்டு, பிறர் தலைமையின்கீழ் ஒரு கட்சியில் இருந்தவர். அண்ணா இருந்தார், பொதுக்குழு இருந்தது, தம்மை ஒத்தவரும் தம்மினும் மூத்தவரும் எதிர்நின்று பேசிய அவைகளில் அவர் அமர்ந்திருக்கிறார். பின்னாளில் தம் கட்சியில் அவர் அத்தகைய எதிர்ச்சொல்லுக்கு இடம் தந்தாரா என்பது வேறு வினா. தந்ததாகக் கூறுவதற்குச் சான்று மிகுதியில்லை. ஆனால் அச்சொல்லின் ஓசையை அவர் காது கேட்டிருந்தது. ராமாராவோ கட்சி தொடங்கிய அன்றே தலைவர். ஒன்பது மாதத்தில் முதலமைச்சர். யாருடைய அவையிலும் தொண்டராக அமர்ந்திருக்க அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. நாற்பத்தைந்தாம் அதிகாரத்தைக் கடக்காமலே நாற்பத்தெட்டாம் அதிகாரத்திற்கு வந்து சேர்ந்தவர் அவர்.